வீட்டு மடிக்கணினிக்குக் கம்பியில்லாச் சாதனம் வாங்குமுன்
(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராமத்து வீடுகளில் மடிக்கணினி புகுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மேனிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், நாட்டின் கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பிற்பாடு 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்றது அத்திட்டமே. தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வடத்தைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் கம்பெனிகளும், கேபிள் டி.வி. நடத்துவோரும் தம் பங்கிற்கு வடங்களை இழுத்து வருகின்றனர். ஆகவே, இணையம் வீட்டு வாசல் வரையில் வந்துவிட்டது என்று இன்று பல கிராமங்களைப் பற்றிக் கூற முடிகிறது.

வாசலுக்கு வந்த இணையம் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்ததா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். அணை நிரம்பியிருந்தும், பெரிய வாய்க்காலில் தண்ணீர் புரண்டோடியும், கடைமடை நிலம் காய்ந்து கிடப்பது நாம் காணாத காட்சியன்று. வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்று பார்க்காமல், மதகை மட்டும் அகலப்படுத்தச் செலவு செய்பவரை நாம் என்னவென்று சொல்லுவோம்? வீட்டு இணைப்பில் நம்மவரில் பலர் அந்தச் செலவைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். முன்புறம் திண்ணை, அதையடுத்துக் கூடம், நடுவே முற்றம், பின்கட்டில் இரண்டு அறைகள். சுவர்கள் முன்னோர் எழுப்பியவை. ஒரு முழக் கனமுள்ளவை. இணைப்புக் கொடுக்க வந்தவர் தெருப்பக்கத்து ஜன்னல் வழியே வடத்தை நுழைத்து, கூடத்து மூலையில் டி.வி.க்குப் பின்னால் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். பின்கட்டு அறையில் இருந்து படிக்கும் பெண் ஒரு விண்ணப்பத்தை அனுப்ப முயன்றால், திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கடைசித் தேதி நெருங்குகிறது. இரவு பத்து மணிக்கு அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்து கொசுக்கடியில் உட்காருகிறாள். அதைக் காணச் சகியாத தகப்பனார் டவுனுக்குப் போகிறார். "ஆறு ஆண்டெனா இருக்கிறது, ஐயா, தென்னந்தோப்பு வரைக்கும் எடுக்கும்" என்று கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார். நெல் விற்ற பணத்தில் நான்காயிரம் ரூபாயைக் கொடுத்து அதை வாங்கி வந்து, பழைய பெட்டி இருந்த அதே மூலையில் மாட்டுகிறார். பெண் திண்ணையிலேயே இருக்கிறாள்.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் யாது? நம் கிராமங்களில் ஒரு காலத்தில் பஞ்சாயத்து வானொலி இருந்தது. நிலையத்தார் பேசினார்கள், பூங்காவில் உட்கார்ந்து நாம் கேட்டோம். நிலையத்தின் சக்தியைக் கூட்டினால் இன்னும் தூரத்தில் உள்ளவருக்கும் கேட்டது. மடிக்கணினியின் கம்பியில்லாத் தொடர்பு, அதாவது வைஃபை, அத்தகையதன்று. பெட்டி பேசினால் மடிக்கணினி பதில் பேச வேண்டும். ஒவ்வொரு சிறு துண்டுச் செய்தியையும் 'வந்து சேர்ந்தது' என்று அது திருப்பிச் சொன்னாலொழிய வேலை நடவாது. பெட்டியின் குரலை எவ்வளவு உயர்த்தினாலும், மடிக்கணினியின் மெல்லிய குரல் இரண்டு கனத்த சுவர்களைக் கடந்து திரும்பி வந்தாக வேண்டும். ஆண்டெனா ஆறாயினும் அறுபதாயினும் இந்நிலை பெரிதும் மாறிவிடாது.

எனவே, கடைக்குப் போகுமுன் மூன்று அளவைகளை நம் வீட்டிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. இணைய வேகத்தைக் காட்டும் பக்கங்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. முதலாவதாக, மடிக்கணினியை லேன் கம்பியால் பெட்டியுடன் நேராக இணைத்து வேகத்தைக் குறித்துக்கொள்க. கம்பி செருகும் துளை இல்லாத மடிக்கணினியாயின் பக்கத்து வீட்டுக் கணினியை இரவல் வாங்கலாம். இரண்டாவதாக, கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டிக்கு எதிரே ஐந்தாறு அடித் தூரத்தில் வைஃபை மூலம் அளந்து குறித்துக்கொள்க. மூன்றாவதாக, உண்மையில் உட்கார்ந்து வேலை செய்யும் அறையில் அளந்து பார்க்க.

கம்பியிலேயே வேகம் குறைந்தால் கோளாறு வடத்தில் இருக்கிறது. சந்தாப் பணம் வாங்குபவரைக் கேட்க வேண்டுமேயன்றி, எந்தக் கடையிலும் எதையும் வாங்க வேண்டுவதில்லை. கம்பியில் நன்றாக வந்து, பெட்டிக்கு எதிரிலேயே வைஃபையில் குறைந்தால், மடிக்கணினியின் உள்ளிருக்கும் கம்பியில்லாக் கார்டோ, பெட்டியின் வைஃபைப் பகுதியோ பழையது. கையிலுள்ள புதிய செல்போனைக் கொண்டு அதே இடத்தில் அளந்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும். எதிரில் நன்றாக வந்து அறையில் மட்டும் குறைந்தால் குறை சுவரிலும் தூரத்திலும் உள்ளது. மூன்று நோய்களுக்கும் மருந்து வேறு வேறு. விலையும் வேறு வேறு. மேலே கூறிய தகப்பனார் மூன்றாவது நோய்க்கு இரண்டாவது நோயின் மருந்தை வாங்கினார்.

வேகத்தை அளக்கையில் ஒரு குழப்பம் நேருவதுண்டு. கம்பெனிக்காரர் கூறும் 40 என்பது வினாடிக்கு 40 மெகாபிட். கணினி ஒரு கோப்பை இறக்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் கணினி 5 மெகாபைட் காட்டினால் ஏமாற்று ஏதுமில்லை. மேலும், தெளிவான படத்துடன் ஒரு பாடத்தைக் காண 4 அல்லது 5 மெகாபிட் போதுமானது. வீட்டிற்கு வேண்டுவது பெரும் வேகமன்று, அறாத ஓட்டமே.

இனி மடிக்கணினியைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பற்றிக் கடைக்காரர் பேசுவார். மடிக்கணினியைப் பற்றிப் பேசுவார் ஒருவருமில்லை. கம்பியில்லாத் தொடர்புக்கான 802.11 என்னும் பொது விதி 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அப்போது அதன் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 ஆயிற்று. 2003இல் 54 ஆயிற்று. 2009இல் 'என்' என்ற எழுத்துடன் வந்த விதி மேலும் பல மடங்கு உயர்த்தியது. 2013இல் 'ஏசி', 2021இல் 'ஏஎக்ஸ்' என அடுத்தடுத்து விதிகள் வந்தன. எழுத்துகளை நினைவில் வைப்பது கடினம் என்று கண்டு, 2018இல் இவற்றிற்கு முறையே வைஃபை 4, 5, 6 எனப் பெயரிட்டார்கள். இன்று 7 என்ற எண்ணுடைய பெட்டிகளும் கடைக்கு வந்துள்ளன. இவை யாவும் ஒன்றோடொன்று பேசும். ஆனால் புதியது பழையதோடு பேசும்போது பழைய மொழியில்தான் பேசும். மாட்டு வண்டிக்காக நான்கு வழிச் சாலை போட்டாலும் மாடு தன் நடையில்தான் போகும் அன்றோ?

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது 'என்' விதிக் கார்டு. அதிலும் ஒரே ஆண்டெனாவுடன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் அறிந்தது. காகிதத்தில் அதன் வேகம் 72 மெகாபிட். இரட்டை அகல அலைவரிசை கிடைத்தால் 150. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நன்று. அத்தகைய மடிக்கணினி ஒன்றே வீட்டில் இருக்க, ஏழாம் எண் பெட்டியை வாங்குவதால் பயன் சிறிதும் இல்லை.

நம் மடிக்கணினி எத்தகையது என்று அறிவது எப்படி? விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற தலைப்பின்கீழ்ப் பார்த்தால் கார்டின் பெயர் இருக்கும். அப்பெயரில் 'ஏசி', 'ஏஎக்ஸ்', 'டூயல் பேண்டு' ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டால் அது 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும் அறியும். இதைவிட எளிய வழி ஒன்றுண்டு. ஓரளவு புதிய செல்போனில் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து, மடிக்கணினியில் அதன் பெயர் தோன்றுகிறதா என்று பார்க்கலாம். தோன்றாவிடில் அந்த மடிக்கணினிக்கு அந்த அலை காதில் விழாது என்று முடிவு செய்யலாம்.

இவ்விரு அலைகளின் குணத்தையும் தெரிந்துகொள்வது நன்மை பயக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் குறைவு. நீண்ட அலை சுவரைக் கடந்து தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு, கூட்டமும் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் சாதனங்களும் அதே அலையில்தான் இயங்குகின்றன. குட்டை அலை வேகமுள்ளது. கனத்த சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். நம் நாட்டில் 2.4 அலையை வீட்டில் உபயோகிப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005இல் அரசு விதி செய்தது. 5 கிகாஹெர்ட்ஸில் அகலமான இடத்தை 2018இல் திறந்துவிட்டது. எனவே இரண்டும் உள்ள 'டூயல் பேண்டு' பெட்டியே கிராமத்து வீட்டிற்குப் பொருத்தமானது. இரண்டு அலைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொண்டால், கூடத்தில் உட்காரும்போது குட்டை அலையையும், பின்கட்டில் நீண்ட அலையையும் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி இழையில் ஒளியாக வரும் செய்தியை மின்குறியாக மாற்றிக் கொடுக்கும் பெட்டியை ஓ.என்.டி. என்பர். அதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி ரௌட்டர். இந்நாளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கி வருகின்றன. இணைப்புக் கொடுக்கும்போது வைக்கப்பட்ட பெட்டியே இரண்டு அலையும் உள்ளதாயின், வேறு ரௌட்டர் வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம்.

முதலில் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். டி.வி.க்குப் பின்னாலும், இரும்பு பீரோவின் மேலும், மாடத்திற்குள்ளும் பெட்டியை வைப்பது நம் வழக்கம். வீடு பார்வைக்கு நன்றாயிருக்கும் என்பது காரணம். இரும்புத் தகடு இந்த அலையைத் திருப்பி அடித்துவிடும். தண்ணீர்த் தொட்டி அதைக் குடித்துவிடும். வீட்டின் நடுவே, தலைக்குமேல் உயரத்தில், முற்றத்தைப் பார்த்தாற்போல் மாட்டினால், ஒரே சுவரைக் கடந்தால் போதும். ஆண்டெனாக் குச்சியிலிருந்து அலை பக்கவாட்டில் வட்டமாகப் பரவுவதால் குச்சி நேராக நிற்கவேண்டும். மாடி உண்டாயின் ஒன்றை மட்டும் சாய்த்து வைக்கலாம். வடத்தைத் தூணருகே கொண்டுவரச் சில மீட்டர் கூடுதலாகத் தேவைப்படும். அதை இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் கேட்டால் தனிக் கூலி. கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்து வேகம் கெடும் என்பதையும் மறத்தலாகாது.

இடத்தை மாற்றிய பின்பும் ரௌட்டர் வாங்கத்தான் வேண்டுமென்றால், அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எண்ணைக் கண்டு மயங்காதிருப்போமாக. 'ஏசி 1200' என்று ஒன்றில் எழுதியிருக்கும். 2.4 அலையில் 300, 5 அலையில் 867; இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கினால் 1200. மடிக்கணினி ஒரு சமயத்தில் ஓர் அலையில்தான் பேசும். ஆகவே 1200 என்பது யாருக்கும் கிடைக்காத ஓர் எண். வேடிக்கை இத்துடன் முடியவில்லை. இவ்வகைப் பெட்டிகளில் விலை மலிவானவை பலவற்றில், இணையம் உள்ளே வரும் கம்பித் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. கூரையில் 1200 என்று எழுதிவிட்டு வாசலை 100 அகலத்தில் வைத்த வீடு அது! நம் சந்தா 40 அல்லது 60 மெகாபிட் ஆயின் அந்த வாசல் போதும். அத்தகைய மலிவுப் பெட்டியையே தைரியமாக வாங்கலாம். சந்தா நூறைத் தாண்டுமாயின் 'கிகாபிட்' துளை உண்டா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். நம் அபிப்பிராயத்தில், இன்றைய நிலையில் ஐந்தாம் எண் அல்லது எளிய ஆறாம் எண் பெட்டி ஒரு விவசாயக் குடும்பத்திற்குத் தாராளமாகப் போதும். ஏழாம் எண்ணுக்குக் கொடுக்கும் பணத்தை வேறு நல்ல காரியத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

குறை மடிக்கணினியின் கார்டில் இருப்பதாக அளவை காட்டினால், புதிய மடிக்கணினி தேவையில்லை, யு.எஸ்.பி. துளையில் செருகும் வைஃபை அடாப்டர் ஒன்று போதும். இது சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவில் உள்ளதை வாங்கிவிட வேண்டாம். பார்க்க அழகாயிருக்கும், ஆனால் மடிக்கணினியின் உடம்போடு ஒட்டிக்கொண்டு, மிகச் சிறிய ஆண்டெனாவுடன் அது என்ன செய்ய முடியும்? குச்சி ஆண்டெனா உள்ளதாகவும், இரண்டு அலையும் அறிந்ததாகவும் பார்த்து, ஒரு முழ நீட்டிப்புக் கம்பியுடன் வாங்கினால், சுவர் மறைக்காத இடத்தில் அதை நிறுத்தலாம். யு.எஸ்.பி. 3 வகைச் சாதனங்கள் இயங்கும்போது 2.4 அலைக்கு இடையூறு உண்டாவதால், வெளி ஹார்டு டிஸ்க்கை அதற்குப் பக்கத்தில் வைக்கலாகாது. லினக்ஸ் ஏற்றிய மடிக்கணினியாயின், அந்த அடாப்டருக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று கேட்டறிந்த பிறகே பணத்தை நீட்ட வேண்டும். செருகியபின், உள்ளிருக்கும் பழைய கார்டை டிவைஸ் மேனேஜரில் நிறுத்திவிட்டால், மடிக்கணினி மறுபடியும் பழைய வழியே போகாமலிருக்கும்.

குறை சுவரிலும் தூரத்திலும் இருந்தால், சிறந்த கம்பியில்லாச் சாதனம் ஒரு கம்பியே என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை. பின்கட்டு அறைக்கு ஒரு லேன் கம்பியை இழுத்து, அதன் முனையில் இரண்டாவது ரௌட்டரை 'ஆக்ஸஸ் பாயிண்ட்' முறையில் வைத்தால், சுவர் என்ற பிரச்சினையே நீங்கிவிடுகிறது. செம்புக் கம்பி நூறு மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டு செல்லும். கம்பி இழுக்க முடியாத வீட்டிற்கு 'ரிப்பீட்டர்' என்ற சாதனம் விற்கிறார்கள். அது கேட்டதைத் திருப்பிச் சொல்வது. ஒரே அலையில் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதையும் இணையம் எட்டாத அறையில் வைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று குறை கூறுவோர் பலர். காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பெட்டிக்கும் அறைக்கும் நடுவழியில் அதை வைக்க வேண்டும்.

தோட்டத்து வீட்டிற்கும், பம்புசெட் கொட்டகைக்கும் இணைப்பு வேண்டுமென்று விவசாயிகள் கேட்பதுண்டு. அங்கே திறந்தவெளியில் செம்புக் கம்பியை இழுத்தல் கூடாது. இடி இடிக்கும் காலத்தில் அது மின்னலின் தாக்குதலை இரண்டு கட்டடங்களுக்குள்ளும் கொண்டுவந்துவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதை இழுக்கலாம், இரும்புக் கம்பி சேராத வகையாகப் பார்த்து. அல்லது, ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி இரண்டு கூரைகளில் பொருத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் ஜோடிச் சாதனங்கள் கிடைக்கின்றன. நடுவில் மரம் இருத்தலாகாது. மழையில் நனைந்த தென்னங்கீற்று சுவரைப் போல் மறிக்கும். இன்று தாழ்ந்திருக்கும் கன்று நான்கு ஆண்டுகளில் குறுக்கே வரும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ரௌட்டர் சுமார் 10 வாட் எடுத்துக்கொள்ளும். இரவும் பகலும் எரிந்தாலும் மாதத்திற்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். மின்வெட்டு நேரும் ஊர்களில், ரௌட்டருக்கென்றே விற்கும் சிறிய பாட்டரிப் பெட்டி, மடிக்கணினியின் சொந்த பாட்டரியோடு சேர்ந்து, வகுப்பு நடுவில் நின்றுபோகாமல் காக்கும். பெட்டியின் அடியில் 12 வோல்ட் என்றிருந்தால் பாட்டரிப் பெட்டியும் 12 வோல்ட் தரவேண்டும். எவ்வளவு ஆம்பியர் என்பதையும் பார்க்க வேண்டும். ஓ.என்.டி.யும் ரௌட்டரும் தனித்தனியே இருந்தால் இரண்டிற்கும் மின்சாரம் வேண்டும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. இடி மழையின்போது பிளக்கைக் கழற்றி வைப்பதே எல்லாவற்றிலும் மலிவான காப்பு.

பூட்டைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டும். 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்பு, பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் ஒரு குடியிருப்பிலிருந்து சென்றதாகப் போலீசார் கண்டறிந்தனர். அங்குக் குடியிருந்தவருக்கும் அந்தச் செயலுக்கும் தொடர்பில்லை. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் கிடந்தது, அவ்வளவே. ஆயினும் விசாரணைக்கு உட்பட்டவர் அவரே. நம் பெயரில் உள்ள இணைப்பில் எவர் எதைச் செய்தாலும் முதலில் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

பூட்டு எத்தகையது என்று அமைப்புப் பக்கத்தில் பார்க்க வேண்டும். 'வெப்' என்ற முதற்பூட்டு உடையக்கூடியது என்பது 2001இலேயே வெளிப்பட்டுவிட்டது. அதை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. 2004இல் வந்த 'டபிள்யு.பி.ஏ. 2' இன்னும் ஏற்கத்தக்கது. 2018இல் வந்த 'டபிள்யு.பி.ஏ. 3' அதனினும் சிறந்தது. பழைய மடிக்கணினிக்கு மூன்றாவது தெரியாதாயின், இரண்டும் கலந்த முறையை வைத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் குறைந்தது பன்னிரண்டு எழுத்தாவது இருக்கட்டும். செல்போன் எண்ணும் குழந்தையின் பெயரும் கடவுச்சொல் ஆகமாட்டா, அவை ஊரறிந்தவை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் சொல் இதனின்றும் வேறு. அது பெரும்பாலும் 'அட்மின்' என்றே கம்பெனியிலிருந்து வருகிறது; முதல் நாளே மாற்றிவிட வேண்டும். பொருத்த வந்தவரிடம் "நீங்களே வைத்துக்கொடுங்கள், தம்பி" என்று விட்டுவிட்டால், நம் வீட்டுச் சாவிகளில் ஒன்று அவரிடம் இருக்கிறது என்று பொருள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை படிப்புக்காகக் கேட்கும்போது இல்லையென்று சொல்வது நம் கிராமத்துப் பண்பன்று. அதற்கும் வழி உண்டு. விருந்தினருக்கென்று 'கெஸ்ட் நெட்வொர்க்' என்னும் தனிப் பெயரையும் தனிக் கடவுச்சொல்லையும் பெரும்பாலான ரௌட்டர்களில் அமைக்கலாம். அதில் வருபவர் இணையத்தை அடைவாரேயன்றி, நம் மடிக்கணினியை அடைய மாட்டார். பரீட்சை முடிந்ததும் அந்தச் சொல்லை மாற்றிவிடலாம். பஞ்சாயத்து அலுவலகத்தில் இது இன்னும் அவசியம். பஞ்சாயத்தின் கணக்குகள் 2020 முதல் 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் ஏறுகின்றன. அந்தக் கணினி இருக்கும் வலையிலேயே வந்துபோவோர் எல்லாரும் செல்போனை இணைத்துக்கொண்டிருப்பது முறையாகாது. தெரு முழுவதற்கும் இணையம் கொடுக்க விரும்பும் டீக்கடைக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் வேறு வழி இருக்கிறது: 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 'பி.எம். வானி' ஏற்பாட்டின்படி, லைசென்ஸ் கட்டணமின்றி அவர்கள் அதைச் செய்யலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதைத் தம் ஊர்க் கடைக்காரர்களுக்கு எடுத்துக் கூறலாம்.

வாங்கும் நாளில் ரசீது கேட்டு வாங்குக. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதை அதில் எழுதச் சொல்லுக. அளவை எடுத்த மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் கொண்டு சென்றால், கடைக்காரரின் பேச்சும் தானாகவே சுருங்கிவிடும். வீட்டிற்கு வந்து அதே மூன்று இடங்களில் மறுபடியும் அளந்து, எண் உயரவில்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கடையில் பேசும்போதே அந்தக் கெடுவைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பழைய பெட்டியைக் குப்பையில் எறிந்துவிடவும் வேண்டாம். பின்கட்டு அறைக்கு ஆக்ஸஸ் பாயிண்ட்டாக அதுவே உதவக்கூடும். அது கம்பெனி தந்த பெட்டியாயின், இணைப்பை நிறுத்தும்போது திருப்பிக் கேட்பார்கள். பிறருக்குக் கொடுப்பதாயினும், மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதாயினும், அதன் பின்புறமுள்ள சிறு துளையில் ஓர் ஊக்கு முனையைச் செருகிப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும். அத்துடன் நம் கடவுச்சொல்லும் அழிந்துவிடும்.